சீல் சார் வீட்டுச் சிவப்பு

"சகலமானவர்களுக்கும் இதன் மூலம் தெரிவிப்பது யாதெனில்: வரும் வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, உணவுத் தரக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் தலைமை ஆய்வாளர் முப்பத்து மூன்று ஆண்டு கால அப்பழுக்கற்ற சேவையிலிருந்து ஓய்வு பெறுவதை முன்னிட்டு, மக்களின் கண்களைத் திறக்கும் பொருட்டு, ஒரு சொட்டுச் செயற்கைச் சாயமும் கலவாத, இயற்கையின் செந்நிறம் மட்டுமே கொண்ட குடும்பப் பானம் முதன்முறையாகப் பொதுவில் வழங்கப்படும். அனைவரும் தவறாது வந்து தெளிவு பெறுக."

இந்த அறிவிப்பை எழுதியவர் தலைமை ஆய்வாளர். ஒட்டியவரும் அவரே. ஒட்டிவிட்டு இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்து நின்று படித்து ரசித்த முதல் வாசகரும் அவர்தான். 'அப்பழுக்கற்ற' என்ற சொல்லைத் தனக்குத் தானே போட்டுக்கொள்ளலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தார். வேறு யார் போடப்போகிறார்கள் என்று தோன்றியது. விட்டுவிட்டார்.

கடைத்தெருவில் அவருக்கு சீல் சார் என்று பெயர். எதைப் பார்த்தாலும் சீல் வைத்துவிடுவார் என்பதால் வந்த பெயர். அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் ஜூஸ் கடைக்காரரின் ரோஸ் சிரப் டிரம்முக்கு, கலர் கலந்ததாகச் சொல்லி அவர் சீல் வைத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. டிரம் இன்னும் அலுவலகக் கிடங்கில்தான் இருக்கிறது. சிரப் எப்போதோ காய்ந்து போய்விட்டது. கடைக்காரரின் நம்பிக்கை மட்டும் காயவில்லை. தினமும் காலையில் சீல் சாரின் ஜீப் வந்து நிற்கும்போது, கையில் இருக்கும் எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிடுவார்.

"சார், நம்ம டிரம்மு..."

"விசாரணையில இருக்கு."

இவ்வளவுதான் அவர்களுடைய பதினோரு வருஷப் பேச்சுவார்த்தை.

பள்ளிக்கூடமோ கல்யாண மண்டபமோ வியாபாரிகள் கூட்டமோ, எங்கே மைக் கிடைத்தாலும் சீல் சார் ஒரே பேச்சைத்தான் பேசுவார். அதன் உச்சக்கட்டம் அம்மாவின் சிவப்பு.

"நாங்க சின்னப் பிள்ளைங்களா இருந்தப்போ, வருஷக் கடைசியில எங்க அம்மா ஒரு பானம் செய்வாங்க. அதுக்கு எங்க வீட்ல 'சிவப்பு'ன்னு பேரு. எலுமிச்சை, இஞ்சி, சர்க்கரை, நாலு கிராம்பு. அப்படியே மாணிக்கக்கல்லைக் கரைச்ச மாதிரி நிறம்! எந்தப் பொடி போட்டாங்க? எந்த டப்பாவைத் திறந்தாங்க? ஒண்ணும் கிடையாது. குடிச்சா நாக்கு ரெண்டு நாளைக்குச் சிவப்பா இருக்கும். அதுதாங்க இயற்கையோட சக்தி! ஒரு வருஷம் திராட்சை கிடைச்சிருக்கும்போல, ஊதா நிறத்துல செஞ்சாங்க. அதுவும் இயற்கைதான்!"

இந்த இடத்தில் கைதட்டல் வரும். தட்டாதவர்களின் கடையை அவர் அடுத்த வாரம் போய்ப் பார்ப்பார் என்று ஒரு வதந்தி இருந்ததால், கைதட்டல் பலமாகவே வரும்.

அறிவிப்பு ஒட்டியது சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலை சீல் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தார். கல்யாணமான இருபத்தெட்டு வருஷத்தில், சோதனை போடுவதற்கல்லாமல் அவர் அங்கே நுழைந்தது அதுதான் முதல் தடவை.

"என்னங்க, காலாவதி தேதி பார்க்க வந்தீங்களா?" என்றாள் மனைவி.

"சிவப்பு செய்யப்போறேன்."

"எப்படிச் செய்யறதுன்னு தெரியுமா?"

"முப்பது வருஷமா மேடையில சொல்லிட்டு வர்றேன். தெரியாமயா?"

எலுமிச்சை பிழிந்தார். இஞ்சியைத் தட்டினார். சர்க்கரைப் பாகில் கிராம்பைப் போட்டார். எல்லாவற்றையும் கலந்து எட்டிப் பார்த்தால், மழைக்காலத்துப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் நிறத்தில் ஒரு திரவம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

திங்கட்கிழமை பீட்ரூட் போட்டார். நிறம் வந்தது, கூடவே தோட்டத்து மண்ணும் வந்தது. செவ்வாய்க்கிழமை மாதுளை. பிழியும்போது சிவப்பாக இருந்தது, இஞ்சியோடு கொதித்ததும் பழைய செங்கல் ஆகிவிட்டது. புதன்கிழமை செம்பருத்தி. அன்றைக்கு வந்தது சிவப்புதான், மறுக்க முடியாது. ஆனால் அம்மாவின் சிவப்பு இல்லை. இது அடக்கமான சிவப்பு. அம்மாவுடையது தெருமுனையிலிருந்து பார்த்தாலே கண்ணைப் பறிக்கும். குடித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நின்று நாக்கை நீட்டினார். நாக்கு, அரசாங்க ஊழியரின் நாக்கு எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

மனைவி வாசற்படியில் நின்று இதைப் பார்த்தாள்.

"உடம்புக்கு எதாச்சுமா?"

"சின்ன வயசுல நானும் தங்கச்சியும் அப்பாவும் வரிசையா நின்னு நாக்கைக் காட்டுவோம். யாருது அதிகச் சிவப்புன்னு அம்மா பார்த்துச் சொல்லணும். எப்பவும் அப்பாதான் ஜெயிப்பார். ரெண்டு தம்ளர் குடிப்பார்ல."

சொல்லும்போது சீல் சாரின் முகத்தில் தலைமை ஆய்வாளர் இல்லை. மனைவி எதையோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் தம்ளரைக் கழுவி வைத்தாள். பிறகு, "உங்க அம்மாவையே கேட்டா என்ன? பக்கத்துத் தெருவுலதானே இருக்காங்க" என்றாள்.

கேட்பதில் ஒரு சிக்கல் இருந்தது. அம்மா இருப்பது தங்கச்சி வீட்டில். அப்பாவின் தையல் கடையைத் தங்கச்சிதான் நடத்துகிறாள். கடைக்குப் பின்கட்டில் வீடு. தங்கச்சியிடம் ஒன்று கேட்டால் நான்கு கேள்வி திரும்பி வரும். ஆனால் வெள்ளிக்கிழமைக்கு இரண்டே நாள் இருந்தது. மேலதிகாரி வருகிறார். கூட்டத்தில் யாராவது எழுந்து, "எங்கே சார் அந்தச் சிவப்பு?" என்று கேட்டால், முப்பது வருஷப் பேச்சும் கதை விட்டதாக ஆகிவிடும். கதை விட்டவன் என்ற பெயரோடு வீட்டுக்குப் போவதை நினைத்தாலே அவருக்கு நெஞ்சைக் கரித்தது. புதன்கிழமைச் செம்பருத்தியும் காரணமாக இருக்கலாம்.

தையல் கடையில் தங்கச்சி ஒரு சட்டைக் கைக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, காஜா எடுத்த சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். வயது எண்பத்து ஒன்று. ஊசியில் நூல் கோக்க இன்னும் யாரையும் கூப்பிடுவதில்லை.

"வாங்க ஆபீசர்," என்றாள் தங்கச்சி. "எங்க கடையில திங்கற பொருள் எதுவும் இல்லையே. நூல்கண்டுக்கு சீல் வைக்கப்போறியா?"

"அம்மாகிட்ட ஒரு விஷயம் கேக்கணும்." அவர் தொண்டையைச் செருமினார். "அம்மா, அந்த சிவப்பு இருக்கே. அதுக்கு நீ என்ன போடுவே?"

"எலுமிச்சை, இஞ்சி, சர்க்கரை, கிராம்பு."

"அது தெரியும்மா. சிவப்புக்கு?"

"சிவப்புக்குத் தனியா என்னடா போடுவாங்க? வடிகட்டினா வந்துடும்."

"வடிகட்டினாவா?"

"ஆமா. நல்லா இறுக்கிப் பிழிஞ்சு வடிகட்டணும். அவசரப்பட்டா வராது."

சீல் சார் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனார். எஃகு வடிகட்டியில் வடிகட்டினார். வெள்ளை மல் துணியில் வடிகட்டினார். மணிக்கட்டு வலிக்க இறுக்கிப் பிழிந்தார். மழைத்தண்ணீர் இப்போது தெளிந்த மழைத்தண்ணீர் ஆனது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் மறுபடி தையல் கடைக்குப் போனபோது, நடையில் இருந்த மிடுக்கு போய்விட்டிருந்தது.

"அம்மா, நீயே செஞ்சு குடுத்துடேன். நூறு பேருக்கு."

அம்மா பொத்தானை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "இதை நேத்தே கேட்டிருந்தா இஞ்சியாவது வாங்கி வெச்சிருப்பேன். சரி, போய் வாங்கிட்டு வா. எலுமிச்சை அழுத்திப் பார்த்து வாங்கு. பேரம் பேசறேன்னு ஆபீஸ் கார்டை எடுத்துக் காட்டாதே."

தங்கச்சி உள்ளே போய், பெரிய பித்தளை அண்டா ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தாள். "இது என் அண்டா. என் கல்யாணத்துக்கு அப்பா வாங்கினது. பத்திரமாத் திரும்பி வரணும். உங்க ஆபீசுக்குள்ள போன பாத்திரம் எதுவும் வெளிய வந்ததா சரித்திரமே இல்லைன்னு ஜூஸ் கடைக்காரர் சொன்னார்."

"அது குற்றவாளிங்களோட பாத்திரம். இது நம்ம பாத்திரம்."

"எனக்கு அண்டா முக்கியம்."

வெள்ளிக்கிழமை நண்பகல். அலுவலக ஜீப்பின் பின்சீட்டில், அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் நடுவில், ஒரு சம்பந்தியைப் போல மரியாதையாக அண்டா வந்து இறங்கியது. சீல் சார் மூடியைத் திறந்தார்.

சிவப்பு.

அதே சிவப்பு. மாணிக்கக்கல்லைக் கரைத்த, தெருமுனையிலிருந்தே கண்ணைப் பறிக்கும், இம்மியும் குறையாத சிவப்பு. இஞ்சியும் கிராம்பும் கலந்த வாசனை மூக்கில் ஏறியதும், அவர் ஒன்பது வயதுக்குப் போய்ப் புதுச்சட்டை கசங்காமல் தம்ளரோடு வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றவே இல்லை. வேறு யாருடைய கடையாக இருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்.

"அம்மா," என்றார்.

"கிளறிட்டு ஊத்து. சர்க்கரை அடியில நிக்கும்," என்றாள் அம்மா.

அலுவலக மண்டபத்தில் கூட்டம் நிரம்பியிருந்தது. வியாபாரிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். சீல் சார் போவதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளும் ஆசை அவர்களுக்கு இருந்தது. ஜூஸ் கடைக்காரர் முன்வரிசைக்குப் பின்னால், கிடங்கின் கதவு தெரிகிற மாதிரி இடம் பார்த்து உட்கார்ந்திருந்தார். மேலதிகாரி மாலையோடு வியர்த்துக்கொண்டிருந்தார்.

தம்ளர்களை அடுக்கத் தொடங்கும்போது, பரிசோதனைக்கூடத்துப் பெண் ஒருத்தி கண்ணாடிக் குப்பியோடு மேடையருகே வந்து தயங்கி நின்றாள். பத்து வருஷமாக அவரிடம் வேலை பார்ப்பவள்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க சர்க்குலர்தான். அலுவலக வளாகத்துல எது பரிமாறினாலும் முதல்ல மாதிரி எடுத்துப் பார்த்துட்டுத்தான் குடுக்கணும்னு. போன வருஷம் என் வளைகாப்பு வடையைக்கூட நீங்க விடலை."

வேறொருவராக இருந்தால் இன்று ஒரு நாள் விடம்மா என்றிருப்பார். சீல் சார் மைக்கைப் பிடித்தார்.

"பார்த்தீங்களா! இதுதான் எங்க அலுவலகம்! சட்டம் தலைமை ஆய்வாளருக்கும் உண்டு, அவரைப் பெத்தவங்களுக்கும் உண்டு! குப்பியோட நீ உள்ள போகாதேம்மா. இங்கேயே, எல்லார் கண்ணு முன்னாடியும் சோதனை பண்ணு. அடுப்பைக் கொண்டு வா. கம்பளி நூலைக் கொண்டு வா!"

பெண் கொண்டுவந்தாள். சீல் சாரே விளக்கம் சொன்னார். அவருடைய வாழ்க்கையில் மிகவும் மகிழ்ச்சியான நான்கு நிமிடங்கள் அவை.

"இது வெறும் வெள்ளைக் கம்பளி நூல். இந்தப் பானத்துல போட்டுக் கொதிக்க வெக்கிறோம். அப்புறம் தண்ணியில அலசறோம். இயற்கை நிறமா இருந்தா அலசினதும் போயிடும், நூல் வெள்ளையாயிடும். துணிக்குப் போடற சாயமா இருந்தா நூலைக் கெட்டியாப் பிடிச்சுக்கும், போகவே போகாது. சாயம் பொய் சொல்லலாம். நூல் சொல்லாது!"

கொதித்ததும் பெண் இடுக்கியால் நூலை எடுத்துத் தண்ணீரில் விட்டாள். அலசினாள். தண்ணீரை மாற்றி மறுபடி அலசினாள். மூன்றாவது தடவை அலசும்போது அவளுடைய முகம், சோதனையில் இருக்கும் பொருளைவிட அதிகமாக நிறம் மாறியது.

நூல் சிவப்பாக இருந்தது. சும்மா இல்லை, கல்யாணப் பெண் மாதிரி இருந்தது.

அவள் மைக்கைக் கையால் மூடினாள். "சார்," என்றாள் கிசுகிசுப்பாக, "நூல் பழசு, சோதனை சரியா வரலைன்னு சொல்லிடலாம். நான் சொல்லிக்கிறேன். நீங்க பேசாம இருங்க, அது போதும்."

சீல் சார் நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசாமல் இருந்தால் போதும். எல்லோரும் கைதட்டுவார்கள், மாலை போடுவார்கள், அப்பழுக்கற்ற சேவை அப்பழுக்கில்லாமல் முடியும். பானத்தை ஏதாவது சாக்குச் சொல்லிக் கொட்டிவிடலாம். யாருக்கும் தெரியாது.

அப்போது முன்வரிசையிலிருந்து, மைக் தேவைப்படாத ஒரு குரல் வந்தது.

"என்னடா அப்படிப் பார்க்கறே? துணிச் சாயம்தானே. ஒட்டத்தான் செய்யும்."

மண்டபம் அம்மா பக்கம் திரும்பியது.

"என்னம்மா சொல்றே?" என்றார் சீல் சார்.

"நம்ம கடையில வருஷக் கடைசி வந்தா பேண்டு வாத்தியக்காரங்களுக்குக் கோட்டு தைப்போம்ல? சிவப்புக் கோட்டு. வெட்டினது போக மீதித் துண்டு நிறைய இருக்கும். அதுலதான் வடிகட்டுவேன். தங்கச்சி இன்னும் ஒரு பெட்டி நிறைய வெச்சிருக்கா. நேத்து அதுலேர்ந்துதான் எடுத்தேன்."

"புதுத் துணியிலயா? துவைக்காம?"

"பின்னே, போட்ட துணியிலயா வடிகட்டுவேன்?" அம்மாவுக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. "நாலு பேர் குடிக்கறது, சுத்தம் வேணாமா? ஒவ்வொரு தடவையும் புதுத் துண்டு. ஒரு தடவை பிழிஞ்சதை மறுபடி எடுக்கமாட்டேன்."

சீல் சாருக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. வரவேண்டாம் என்று நினைக்க நினைக்க வந்தது. "அப்போ... அந்த ஊதா?"

"அந்த வருஷம் பேண்டுக்காரங்க கோட்டை மாத்திட்டாங்க."

முதலில் சிரித்தது மேலதிகாரி. மாலை குலுங்கியது. பிறகு தங்கச்சி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. பிறகு முப்பது வருஷமாகக் கைதட்டிப் பழகியிருந்த மொத்தக் கூட்டமும், ஒரு மாறுதலுக்கு, மனதாரச் சிரித்தது. ஜூஸ் கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. பதினோரு வருஷமாகக் காத்திருந்தவரின் அமைதியோடு எழுந்து நின்றார்.

"சார், நான் போட்டதாச்சும் கேக்குக்குப் போடற கலரு."

அப்பாவின் சிவப்பு நாக்கு சீல் சாரின் கண்முன் வந்தது. இரண்டு தம்ளர் குடித்த அப்பா. எழுபத்தாறு வயது வரை ஒரு பல்வலிகூட வராமல் இருந்த அப்பா. அவர் சிவப்புக் கோட்டையும் குடித்திருக்கிறார், ஒரு வருஷம் ஊதாக் கோட்டையும். சீல் சாரின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறார் என்று நினைத்து மனைவி அவசரமாக மேடை ஏறினாள். பக்கத்தில் வந்து பார்த்தால், மனிதர் கண்ணில் நீர் வர, சத்தமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"படிவம் கொண்டு வா," என்றார் பரிசோதனைக்கூடத்துப் பெண்ணிடம்.

"சார், வேணாமே..."

"கொண்டு வாம்மா. நூல் பொய் சொல்லாதுன்னு இப்போதானே மைக்ல சொன்னேன்."

எழுதினார். மாதிரி: சிவப்புப் பானம். முடிவு: துணிச் சாயம் உள்ளது, அருந்தத் தகுதியற்றது. தயாரிப்பாளர் என்ற இடத்தில் பேனா நின்றது.

"என் பேரை முழுசா எழுது," என்றாள் அம்மா. "அப்பா பேரையும் சேர்த்துப் போடு. துணி அவருதுதானே."

எழுதிக் கையெழுத்துப் போட்டார். அரக்கை உருக்கினார். அண்டாவின் மூடிக்கும் காதுக்கும் சேர்த்து நூல் கட்டி, முப்பத்து மூன்று வருஷத்தில் எத்தனையோ முறை செய்ததைப் போலவே, அம்மாவின் சிவப்புக்கு சீல் வைத்தார். இந்த முறை கைதட்டல் யாரும் பயப்படாமல் வந்தது.

"அப்போ இத்தனை பேருக்குக் குடிக்க?" என்றாள் மனைவி.

ஜூஸ் கடைக்காரர் சாலையைக் கடந்து போய் ஒரு கூடை எலுமிச்சையோடு திரும்பி வந்தார். அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கால்மணி நேரத்தில் பானம் தயாரானது. பரிசோதனைக்கூடத்தின் வெள்ளைத் துணியில், துவைத்த துணியில், வடிகட்டினார்கள். மாதிரி தேறியது. மழைக்காலத்துப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரின் நிறம் அப்படியே இருந்தது.

சீல் சார் ஒரு வாய் குடித்தார். இஞ்சி தொண்டையைச் சுட்டது, பின்னாலேயே புளிப்பு, அதற்குப் பின்னால் கிராம்பு. கண்ணை மூடிக்கொண்டார். எந்தக் குறையும் இல்லை. எல்லாம் அப்படியே இருந்தது. அவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்து, பார்த்துவிட்டு, ருசிகூடப் பார்க்காமல் வாஷ்பேசினில் கொட்டியதும் இதுதான்.

"நாக்கைக் காட்டு," என்றாள் தங்கச்சி.

காட்டினார். தங்கச்சியும் காட்டினாள். அம்மா இரண்டையும் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணும் சரியில்லை. வெள்ளையா இருக்கு. வயித்தைப் பாருங்க," என்றாள்.

சீல் சார் இரண்டாவது தம்ளர் வாங்கிக்கொண்டார். மேலதிகாரி மூன்றாவது. ஜூஸ் கடைக்காரர் பக்குவத்தை அம்மாவிடம் நைசாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பாராட்டுப் பேச்சே இல்லாமல் நடந்து முடிந்த ஒரே பிரிவுபசார விழா அதுதான் என்று அலுவலகத்தில் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

அண்டா தங்கச்சியுடையது. அது விசாரணையில் இருக்கிறது.